காரணம்: காற்று

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலையின் நிழல் பொழுது சாயும் முன்பே வந்து விழுந்துவிடுகிற எங்கள் சம்மனசுபட்டியில், என் மதினி அமலோற்பவத்தின் ஒன்றேகால் ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு யாராவது பொய் சொன்னால், மேலே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இலைகள் அந்த வேலையை விட்டுவிட்டு, காம்பை முறுக்கித் திரும்பி, பச்சை முகத்தைக் கீழே தாழ்த்தி, சொன்ன ஆளைப் பார்க்கும். சின்னப் பொய்க்கு நாலைந்து இலைகள் திரும்பும், பெரிய பொய்க்கு ஒரு வரிசையே திரும்பும். கால்வாய்க் கரைமேல் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் பந்தல் வெளுத்துத் தெரியும், ஏனென்றால் திராட்சை இலையின் அடிப்பக்கம் வெளுப்பு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இலைகள் மறுபடி சூரியனிடம் போய்விடும்.

ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு ஏன் கொம்பு முளைக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை, இதையும் கேட்கவில்லை.

நான் இன்னாசி, மருந்தடிக்கிறவன். மருந்து என்று நாங்கள் சொல்வது விஷத்தைத்தான், ஆனால் விஷமடிக்கிறவன் என்று சொல்லிக்கொண்டு யார் பெண் கேட்டுப் போக முடியும்? பதினெட்டு வருஷம் நானும் என் அண்ணன் அருளப்பனும் முதுகில் பம்பும் முகத்தில் ஈரத்துண்டுமாக இந்தப் பள்ளத்தாக்கின் பாதித் தோட்டங்களை நனைத்திருக்கிறோம். கவாத்து முடிந்து துளிர் விட்டால் அடிப்போம், பூ வந்தால் அடிப்போம், மழை வந்தால் அடிப்போம், மழை வராமல் மேகம் மட்டும் வந்தாலும் பயந்துபோய் அடிப்போம். நாற்பத்து நாலு வயதில் அண்ணனுடைய நெஞ்சு மூடிக்கொண்டது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்த நுரையீரலில் காற்றுக்கு இடமில்லை என்றார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மதினி, அண்ணனுடைய பம்பை இடுப்பில் பிள்ளை தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிணற்றில் போட்டாள்.

"இனிமே இந்தத் தோட்டத்துல ஒரு சொட்டு விழாது," என்றாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். பிள்ளைகுட்டி இல்லை. அண்ணனைக் கொன்ற சாமான் அண்ணன் நட்ட கொடிமேல் படக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த அறுப்புக்கு ஒரு வியாபாரி வந்தார். வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கொத்திலும் நாலு பழம் பிய்த்து வாயில் போட்டு, தாடையில் சாறு வழிய வழிய, "பழத்துல இனிப்பே இல்லையேம்மா," என்றார். அவர் தலைக்கு மேலே ஒரு கட்டில் அகலத்துக்கு இலைகள் திரும்பின. அவர் நிமிர்ந்து பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், நடையை எட்டிப் போட்டார். அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

பிறகு ஊர் இதைப் பழகிக்கொண்டது. குழாய்த் தண்ணீர் வந்தபோது எப்படிப் பழகினோமோ, கேபிள் டிவி வந்தபோது எப்படிப் பழகினோமோ, அதேபோலத்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைப் பெண்ணின் தாய்மாமன் தோளில் கைபோட்டு, திராட்சை சாப்பிடலாம் வாங்க மாப்ளே என்று பந்தலுக்குள் கூட்டிவந்து, குடிப்பீங்களா என்று கேட்டுவிட்டு மேலே பார்த்தார். வாய்க்கால் முறைக்காக ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் உள்ளே போய், அரைமணி நேரத்தில் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். பங்குச்சாமியார் ஒருநாள் மத்தியானம் தன்னந்தனியாக உள்ளே போய் என்னவோ பேசிக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எத்தனை இலை திரும்பியது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்காரரும் அந்தப் பக்கத்து ரோட்டில் ஜீப்பை நிறுத்துவதில்லை.

ஆனால் எந்த நல்லதையும் அளவோடு வைத்துக்கொள்ளத் தெரியாத ஊர் எங்களுடையது. நீ சொல்றது நெசம்னா வா பந்தலுக்கு என்று புருஷனைப் பெண்டாட்டி கூப்பிட, பெண்டாட்டியை மாமியார் கூப்பிட, டீக்கடை பெஞ்சில் இருபது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒரு சேவல் விஷயமாக ஒருவரையொருவர் கூப்பிட்டு, மண்டை உடைந்து, தையல் போடும்வரை போய்விட்டது. அதனால் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தோம். யாரும் யாரையும் பந்தலுக்கு வா என்று கூப்பிடக் கூடாது, தானாக வந்தால் வரலாம். அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. ஒருவனுடைய அம்மாவைத் திட்டினால்கூட மன்னிப்பான், உள்ளே வந்து சொல்லு என்றால் மன்னிக்க மாட்டான்.

இன்னொரு பழக்கமும் வந்தது. காகிதம் படிப்பதை விட்டுவிட்டோம். இலை பார்த்துக்கொண்டு இருக்கும்போது எழுத்தை எதற்குப் பார்ப்பது? பந்தலுக்குள் நின்று சொன்ன பிறகு, எங்கே காட்டுகிறார்களோ அங்கே கையெழுத்துப் போட்டோம்.

இத்தனையிலும் மதினிக்காக மட்டும் ஒரு இலைகூடத் திரும்பியதில்லை. அவள் நல்லவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசப் பொறுமை கிடையாது. என் பெண்டாட்டி பிலோமினா ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோனால், "உப்புக் கரிக்குது, எடுத்துட்டுப் போடி," என்பாள்.

மருந்தடிக்காமல் தோட்டம் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அடிச்சாம்பல் நோய் வந்தது. இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் பூத்து, இலை கருகி, கொத்து சூம்பி, மூன்று வருஷத்தில் பாதிக் காய்ப்புப் போனது. மதினி வேப்பெண்ணெயும் புளித்த மோரும் தெளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் இளம்பரிதி வந்தார்.

வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சித் திட்டம் அது. பேரெல்லாம் வேண்டாம். பரிதி சார் முப்பது முப்பத்திரண்டு வயதுக்காரர், ஒல்லி, வெயிலில் மூக்கு மட்டும் கறுத்தவர். டாக்டர் பட்டம் வாங்கினவர் என்று சொன்னார்கள், ஆனால் வந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை முகர்ந்தார். எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது, அந்த நேரம் எவ்வளவு குளிர் என்று தெரிந்துவிட்டால் பூசணம் முளைப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கலாம் என்றார். கண்டுபிடித்தால் அந்த இடத்தில் இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் விடலாம், தண்ணீரை நிறுத்தலாம், கெட்ட பூசணத்தைத் தின்னும் நல்ல பூசணத்தைத் தெளிக்கலாம் என்றார். அதற்காகக் கல்தூண்களில் வெள்ளை டப்பாக்கள் கட்டுவோம், அதெல்லாம் சென்சார், பந்தலுக்கு மேலே கம்பம் நட்டு கேமரா வைப்போம், எல்லாம் சேர்ந்து உங்கள் போனுக்குச் சொல்லிவிடும் என்றார்.

முப்பது பேர் பந்தலுக்குள் கூடி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். "எல்லாம் சரி சார். இத்தனைக்கும் மீறி நோய் வந்துட்டா?"

"வந்தாலும் விஷம் அடிக்கமாட்டோம் அக்கா. இந்தத் தோட்டத்துல ஒரு சொட்டு விழாது. நான் இருக்கேன்."

முப்பது பேரும் மேலே பார்த்தோம். அவர் மட்டும் எதற்கு எல்லோரும் வானத்தைப் பார்க்கிறோம் என்று புரியாமல் எங்களைப் பார்த்தார். ஒரு இலை அசையவில்லை. மதினி எட்டுப் பக்கக் காகிதத்தில் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள், சாட்சிக்கு நான் போட்டேன். ஆறாவது பக்கத்தில், தேவைப்படும் பட்சத்தில் உரிய பயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகளைத் திட்டமே மேற்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. அதை நாங்கள் படித்தது ரொம்பப் பின்னால்.

கேமரா வைத்த நாலாம் நாள் மத்தியானம், திராட்சை வைத்திருக்கிற எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் செய்தி வாசிக்கும் குரலில் ஒரு பெண் பேசினாள். "எச்சரிக்கை. அமலோற்பவம் தோட்டம், ஏழாவது வரிசை. அடிச்சாம்பல் நோய் அறிகுறி. உடனடியாக மருந்து தெளிக்கவும்." பரிதி சார் சோற்றுக் கையோடு ஜீப்பில் வந்து இறங்கி, ஏழாவது வரிசையில் இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பூசணம் இல்லை.

"அங்கன ஒன்னும் இருக்காது சார்," என்றாள் மதினி. "என் நாத்தனா வந்திருந்தா. வாங்கிட்டுப் போன பித்தளைக் குத்துப்போணியத் திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னா."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். மறுநாள், மறுவாரம், அடுத்த மாதம் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எந்த வரிசை வெளுத்ததோ அங்கே யார் நின்று என்ன பேசினார்கள் என்று விசாரித்து, நோட்டில் எழுதி, கடைசியில் பள்ளத்தாக்கின் மற்ற எல்லோரையும்போல அவரும் ஒத்துக்கொண்டார். கேமராவுக்கு மேலேயிருந்து தெரிவது வெளுப்பு மட்டும்தான். வெளுப்பு என்றால் நோய் என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் காரணம் குறித்து அனுப்ப வேண்டும். போனில் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன: நோய், பூச்சி, தண்ணீர்க் குறைவு, காற்று.

"இதுல பொய்னு ஒரு பட்டன் இல்லையே அக்கா."

"வையிங்க சார்."

"வெச்சா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க," என்றார். காற்று என்கிற பட்டனை அழுத்தினார். அழுத்துவதற்கு முன் பந்தலைவிட்டு வெளியே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். எங்களுக்குத் தெரிந்த விஷயத்தில் அவரும் சேர்ந்துகொண்டார் என்று சந்தோஷப்பட்டோம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் சொன்ன வேலை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். டப்பாக்கள் ஈரத்தைச் சொல்ல, மதினி இலையைக் கிள்ள, நல்ல பூசணம் கெட்ட பூசணத்தைத் தின்ன, இரண்டாம் வருஷம் கொத்துகள் கறுத்து இறுகித் தொங்கின. தேன்சிட்டு வந்து ஒன்பதாவது வரிசையில் கூடு கட்டியது. பரிதி சார் எங்கள் வீட்டில் ஒருவர் ஆனார். அண்ணனின் நினைவு நாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கல்லறைக்கு வந்தார். மதினி சார் என்பதை விட்டுத் தம்பி என்றாள். அவர் தட்டில் மீன் தலையை வைத்தாள், அது என் அண்ணனுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்த தலை.

திட்டத்தில் பதிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் ஒரு சொட்டு விஷம் படாமல் இருந்தால் நஞ்சில்லாத் தோட்டம் என்று சான்று தருவார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கணக்கு முதலிலிருந்து. மூன்றாம் வருஷம் ஆவணியில், இன்னும் பத்து வாரம் பாக்கி. மதினி கம்பத்துக்குப் போய்ப் பலகை எழுதி வாங்கி வந்துவிட்டாள். அருளப்பன் தோட்டம், இங்கே விஷம் இல்லை. அதை மாட்டும் நாள் வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். நான் பார்த்தேன். என் அண்ணன் பேரைப் பச்சை பெயின்டில் அவ்வளவு பெரிதாகப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

அந்தச் சமயத்தில் திட்டத்தின் பெரிய ஆட்கள் எட்டுப் பேர் பார்வையிட வந்தார்கள். பந்தலுக்குள் பேனர் கட்டி, நாற்காலி போட்டு, மைக் வைத்தார்கள். காற்றே இல்லாத நாள் அது, மைக்கில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. முதலில் பேசியவர், விவசாயிகள்தான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் முதல் என்றார். ஒரு வரிசை திரும்பியது. இரண்டாவது ஆள், இது முழுக்க உங்களுடைய திட்டம், நாங்கள் வெறும் வேலைக்காரர்கள் என்றார். பாதித் தோட்டம் திரும்பியது. மூன்றாவதாக எழுந்த நரைத்த தலைக்காரர், நானும் ஒரு விவசாயி மகன்தான், இப்போதும் லீவுக்கு ஊருக்குப் போனால் ஏர் பிடிக்காமல் வரமாட்டேன் என்றார். ஒன்றேகால் ஏக்கரும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கொடிகூட நம்மளை வரவேற்குது பாருங்க என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது அவர்களுடைய எட்டுப் போனும் எங்களுடைய போன்களும் ஒன்றாகக் கத்தின. "எச்சரிக்கை. அமலோற்பவம் தோட்டம். நூறு சதவீதம்."

நரைத்த தலைக்காரர் போனைப் பார்த்தார். "என்னப்பா பரிதி இது? முழுத் தோட்டமும் போச்சுங்குது?"

பரிதி சார் வாயைத் திறந்தார். காற்று என்று சொல்ல முடியாது, எட்டுப் பேரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் பேசியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். ஒரு இலையும் திரும்பவில்லை, ஏனென்றால் வாயை மூடிக்கொள்வது பொய்யில் சேராது.

மறுநாள் விடிந்ததும் மதினி காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிற கூட்டத்தோடு கிளம்பினாள். சான்று கிடைக்க வேண்டும் என்று நேர்ச்சை. "தண்ணி மட்டும் பாத்துக்க இன்னாசி," என்றாள். அவள் இடுப்புச் சுருக்குப்பையில் போன் இருந்தது. அது பரிதி சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தத் தடவை பரிதி சார் எந்தப் பட்டனையும் அழுத்தாததால் எச்சரிக்கை நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவும் அபாயம் என்று அந்தப் பெண் குரல் காலையும் சாயங்காலமும் சொன்னது. இலை ஏன் திரும்பியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் அங்கேதான் இருந்தோம். இருந்தும் ஆட்கள் ஒவ்வொருவராக என் வீட்டு வாசலுக்கு வந்து, ஒருவேளை நெசமாவே நோயா இருந்தா நம்ம தோட்டமும் போயிருமே இன்னாசி என்று இழுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பரிதி சார் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ரோட்டிலேயே நின்றார்.

"இன்னாசி அண்ணே, மேலேருந்து உத்தரவு. ஒரு தடவை அடிச்சிருங்க. இல்லைன்னா திட்டத்தையே மூடிருவாங்க."

"மதினி என்ன சொன்னாக?"

"அக்காகிட்டப் போன்ல பேசிட்டேன். சரின்னுட்டாங்க." ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கேட்டிலிருந்து முதல் கல்தூணுக்குப் பன்னிரண்டு எட்டு. நான் எத்தனையோ தடவை நடந்து எண்ணியிருக்கிறேன். உள்ளே வந்து சொல்லுங்க சார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் வீட்டில் சாப்பிட்ட மனுஷரை அந்தக் கெட்ட வார்த்தையால் எப்படிக் கூப்பிடுவது என்று நாக்கு மடங்கிக்கொண்டது. மதினிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என் பம்பு நுழையாத ஒரே தோட்டம் என் சொந்த அண்ணன் தோட்டம் என்பது ஆறு வருஷமாக எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அவள் சரி என்றாள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அடித்தேன். ஒன்று முதல் இருபத்திரண்டு வரிசை, அண்ணாந்தபடி, அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கைவீச்சில். இலைகள் திரும்பவில்லை. விஷம் பொய் சொல்லாது, தான் விஷம் என்றுதான் சொல்லிக்கொண்டு விழுகிறது. ஒன்பதாவது வரிசையில் தேன்சிட்டு ஒரு தடவை கீச்சிட்டது. மறுநாள் அங்கே சத்தம் இல்லை.

வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடியிறக்கம் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிய மதினி வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோட்டத்துக்கு வந்தாள், கையில் மாதா கோயில் எண்ணெய்ப் புட்டி. கல்தூணுக்கு ஒரு சொட்டு வைக்க வேண்டும் என்று ஆசை. மூன்றாவது தூணுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு இலையைத் தடவினாள். காய்ந்த பொட்டுகள் விரலில் ஒட்டின. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஆறு வருஷத்துக்கு முன் என் அண்ணன் சட்டையைத் துவைக்கும் முன் அவள் முகர்ந்து பார்ப்பாளே, அதேபோல முகர்ந்தாள்.

"யாரு?"

"நான்தான் மதினி."

"யாரு சொன்னா?"

"நீங்க சரின்னு சொன்னதாப் பரிதி சார் சொன்னாரு."

நான் மேலே பார்த்தேன். ஒரு இலையும் திரும்பவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படி இருந்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"எங்க வெச்சு சொன்னாரு?"

"கேட்டுக்கு வெளிய."

"வெளிய," என்று அவளும் ஒரு தடவை சொன்னாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த ஆள் பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை. என்னைக் கொண்டு, அருளப்பனின் தம்பியின் கையைக் கொண்டு அதைச் செய்ய வைத்தான் பாருங்கள், அது எனக்குத் தாங்கவில்லை. ஊர் முழுக்க இலையை நம்பியது. எங்கே இலை இல்லையோ அங்கே போய் நின்றுகொள்ளலாம் என்பதைப் படித்த ஒருவன் வந்து எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனான்.

மதினி அழவில்லை. வீட்டிலிருந்து அந்தப் பலகையைக் கொண்டுவந்து கிணற்றில் போட்டாள். பம்பு கிடக்கிற இடத்திலேயே அதுவும் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷத்துப் பழத்தை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கொத்துக் கொத்தாக வெட்டி, குழி வெட்டி மூடினோம், அவளும் நானும்.

ஐப்பசியில் பரிதி சார் வந்தார். திட்டம் வெற்றி என்று மேலே முடிவாகி, அவரைப் பெரிய பொறுப்பில் வேறு மாநிலத்துக்குப் போடுகிறார்கள், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். இந்தத் தடவை ரோட்டில் நிற்கவில்லை. பன்னிரண்டு எட்டும் நடந்து உள்ளே வந்தார். விஷயம் தெரிந்து பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம்.

"நான் போன் பண்ணலை அக்கா," என்றார். "பண்ணா நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் பண்ணலை."

இலை திரும்பவில்லை.

"அன்னைக்கு ஒரு சொட்டு விழாதுன்னு சொன்னப்ப மனசாரத்தான் சொன்னேன்."

திரும்பவில்லை.

"உங்களை என் கூடப் பொறந்த அக்காவாத்தான் நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான்."

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இலை திரும்பாதா என்று நான் மாதாவிடம் வேண்டினேன், ஒரே ஒரு இலை, சூம்பின இலையாக இருந்தாலும் போதும் என்று வேண்டினேன். அவன் முதலிலிருந்தே கள்ளன் என்று தெரிந்துவிட்டால் நாங்கள் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்போம். இலைகள் சூரியனைப் பார்த்தபடியே இருந்தன. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பாசம் உண்மை, வாக்கு உண்மை, செய்ததும் உண்மை. மூன்றையும் ஒரே மனுஷன் வைத்திருக்க முடியும் என்று எங்கள் இலை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

மதினி அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், கண் கலங்கியிருந்தது. கேட்டைப் பார்க்கத் திரும்பினார்.

"பரவால்ல தம்பி," என்றாள் மதினி. "நான் ஒன்னும் மனசுல வெச்சுக்கல. நல்லா இருங்க."

ஈரப் புடவையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வரிசையும், ஒன்றேகால் ஏக்கரும், கடைசித் துளிர் வரைக்கும் காம்பை முறுக்கிக்கொண்டு திரும்பின. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அத்தனை இலையும் தலை குனிந்து என் மதினியைப் பார்த்தன. அவள் நிமிரவில்லை. கவிழ்த்து வைத்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கும் கேட்டது. கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர் அண்ணாந்து பார்க்காமல், நடையைத் தளர்த்தாமல், பன்னிரண்டு எட்டும் நடந்து வெளியே போய் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றாகப் பேசின. "எச்சரிக்கை. அமலோற்பவம் தோட்டம். நூறு சதவீதம். உடனடியாக மருந்து தெளிக்கவும்." மதினியின் இடுப்புச் சுருக்குப்பைக்குள்ளிருந்தும் அந்தக் குரல் வந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. ஜீப் கிளம்பவில்லை, அவர் உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மறுபடி இறங்கி வருவார் என்று நான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அரை நிமிஷம் போயிருக்கும். அதே பெண், அதே குரலில், எல்லோருடைய கையிலிருந்தும் சொன்னாள்.

"காரணம்: காற்று. எச்சரிக்கை நீக்கப்பட்டது."

ஜீப் கிளம்பியது. அது எழுப்பிய புழுதி ரோட்டைவிட்டு நகராமல் அங்கேயே நின்றது. அன்றைக்கு எங்கள் ஊரில் காற்றே இல்லை.